பன்னிரண்டு வீட்டு விளக்குக் கணக்கு

இரட்டைப் பெண்கள் உள்ள வீட்டில் எதையும் இரண்டாக வாங்கித்தான் பழக்கம். செருப்பு இரண்டு ஜோடி, பென்சில் டப்பா இரண்டு. ஒருத்தி இருமினால் மருந்தும் இரண்டு பாட்டில், அடுத்தவள் எப்படியும் நாளைக்கு இருமுவாள். நான் சொல்லப்போகிற வீட்டில் அந்த வருஷம் மஞ்சள் காமாலை மட்டும் ஒருத்தியோடு நின்றுகொண்டது, பத்து நிமிஷம் முந்திப் பிறந்தவளோடு. அவளை வீட்டில் பெரிசு என்பார்கள். பிந்திப் பிறந்தவள் சிறுசு.

ஏழாம் வகுப்பின் கடைசி மூன்று மாதம் பெரிசு படுக்கையிலேயே கிடந்தாள். முழுப் பரீட்சையும் அதோடு போயிற்று. சிறுசு எழுதினாள், தேறிவிட்டாள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் சிறுசு எட்டு, பெரிசு மறுபடியும் ஏழு. பிறந்ததிலிருந்து ஒரே வகுப்பில் இருந்தவர்கள் செல்லங்களா, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

"இனிமே நீ என்னை அக்கான்னு கூப்பிடணும். மேல் வகுப்புக்காரி சொன்னா கேக்கணும்" என்று சிறுசு ஒரு நாள் வேடிக்கை பேசினாள்.

பெரிசு சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தையல் வேலை. கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டிருந்தாள். தலைமை டீச்சரின் துணிகளும் அவளிடம்தான் வரும். அந்த உரிமையில் போய் நின்று பார்த்தாள். டீச்சர் உரிமையைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மறுபடி பரீட்சை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஒரு நோட்டு கொண்டு வரச் சொல்லுங்க. ஏதாவது ஒரே விஷயம், அதுல எல்லாப் பாடமும் வரணும். கணக்கு, அறிவியல், வரலாறு, புவியியல், மொழி, ஓவியம், ஒண்ணு விடாம. அவ கண்ணால பாத்ததை அவ கையால எழுதணும். புத்தகத்தைப் பாத்து எழுதினா மூணாவது வரியில கண்டுபிடிச்சிடுவேன். பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை காலையில என் மேஜைக்கு வரட்டும். சரியா இருந்தா எட்டு. இல்லேன்னா ஏழு. அப்புறம் இன்னொண்ணு, சின்னவ கையெழுத்து எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேர் எழுத்தும் ஒரே மாதிரி இருக்குமே டீச்சர்?"

"ரெண்டும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. ஆனா கோழி வேற வேற."

எந்த விஷயத்தைப் பற்றி எழுதுவது? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார், ஆற்றுப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர். பிள்ளைகளுக்குப் படகு மாமா. "என் படகைப் பத்தி எழுதட்டும். எல்லாப் பாடமும் அதுல மிதக்குது" என்றார். "உன் படகு மிதக்குறதே பெரிய பாடு" என்றாள் அம்மா.

அப்பாதான் விளக்குத் தெருவைச் சொன்னார். விடுமுறை நாட்களில் அந்த ஊரில் ஒரு தெருவுக்காரர்கள் மட்டும் வீட்டுக்கு வீடு விளக்குச் சரம் கட்டுவார்கள். பத்து நாள் எரியும். இவர்கள் குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். "எப்படியும் போகப்போறோம். போற போக்குல பாடத்தையும் பாத்துட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார் அப்பா.

"ரெண்டு இல்லப்பா, ஆறு" என்றாள் பெரிசு. மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் வேடிக்கை அது. அதிலேயே முடிவாகிவிட்டது.

பெரிசு நடக்கலாம் என்று டாக்டர் சொல்வதற்குள் விளக்கு எரிய ஆரம்பித்து ஒன்பது நாள் ஓடிவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் கிளம்பினார்கள். மறுநாள் சரங்களை அவிழ்த்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிளம்பின அழகைப் பார்க்க வேண்டுமே! அம்மா கழுத்தில் அளவு டேப். மாமா, படகில் ஏறுகிற ஆட்களை எண்ணுகிற சின்ன மெஷினைக் கொண்டு வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் எண் ஒன்று கூடும். உள்ளே நாலு சக்கரம். கடைசிச் சக்கரம்தான் ஓயாமல் சுற்றுவது. அதிலே எண்கள் தேய்ந்துபோனதால் மாமா சிவப்பு மையில் தானே எழுதி வைத்திருந்தார். அப்பா மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். தன் டார்ச்சையும் ரீடிங் அட்டையையும் எடுத்துக்கொண்டார். சிறுசுக்குத் தண்ணீர் பாட்டில். கூடவே, வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு.

"போன வருஷம் விளக்கு பாக்கப் போனோம். இந்த வருஷம் திருடு போன வீட்டுக்குப் போலீஸ் போற மாதிரி போறோம்" என்றாள் சிறுசு.

"உத்தரவு இப்பவே ஆரம்பம்" என்றாள் அம்மா.

தெருவில் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, மொத்தம் பன்னிரண்டு வீடு. நடுவில் ஒரு சவரக்கடை. முதல் வீடு பல் டாக்டருடையது. முன்சுவரில் மேலிருந்து கீழே ஆறு வரிசை விளக்கு, ஒன்றுக்கொன்று நெருக்கமாக. "வீட்டுக்காரர் தொழிலைப் பல்புலயும் காட்டியிருக்காரு, இடைவெளியே விடலையே" என்றார் மாமா. அம்மா கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சுவரை அளந்தாள். இருபத்து மூன்று அடி. விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே நாலு அங்குலம். பெரிசு எழுதிக்கொண்டாள்.

பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள். தட், தட், தட் என்று கட்டை விரல் போக, கண் விளக்கு விளக்காக நகர்ந்தது. ஒரு வீடு முடிந்ததும் மெஷினை அப்பாவிடம் நீட்டுவாள். அப்பா டார்ச் அடித்துப் பார்த்து அட்டையில் எழுதுவார், பக்கத்துக் குமிழைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பார். தினமும் வீடு வீடாகச் செய்கிற வேலை, கை தானாகவே செய்தது. பெரிசு எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அடுத்த வீடு காத்திருந்தது.

ஐந்தாம் வீட்டில் கண் சிமிட்டுகிற விளக்கு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே அணையும். "இதுங்களை எண்ணுறதும் உங்க ரெண்டு பேரையும் குளிப்பாட்டினதும் ஒண்ணு. எதை முடிச்சேன், எதை முடிக்கலைன்னே தெரியாது" என்றாள் அம்மா.

ஏழாம் வீட்டுக்காரர், குழாய் வேலை செய்கிறவர், ஏணி மேல் நின்று ஒரு சரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முழுக்க இருட்டு. அவர் ஒரே ஒரு பல்பை மாற்றினார், வரிசை முழுக்க எரிந்தது. பெரிசு வாயைப் பிளந்தாள். "நான் ஒண்ணைக் கழட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். சரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவர் கழற்றக் கொடுத்தார். பிளக்கைச் செருகினால் மறுபடியும் முழு வரிசையும் இருட்டு. எட்டாம் வீட்டில் ஒரு பல்பே இல்லாத இடம் இருந்தது, ஆனால் பக்கத்துப் பல்புகள் பாட்டுக்கு எரிந்தன.

அப்பாவுக்கு நாக்கு நமநம என்றது. "அது ஏன்னா..."

"நீங்க சொல்லக் கூடாது. அவ பாத்ததுதான் எழுதணும்" என்றாள் அம்மா.

"மின்சார ஆபீஸ்காரன் மின்சாரத்தைப் பத்திப் பேசக் கூடாதாம்."

"நான் ஒருத்தி வீட்டுலேருந்து பேசாம வரலையா?" என்றாள் சிறுசு.

பெரிசு இரண்டு விதத்தையும் கோடு போட்டு வரைந்தாள். ஒன்றில் மின்சாரம் ஒற்றையடிப் பாதையில் போகிறது. மற்றதில் ஒவ்வொரு பல்புக்கும் தனி வாசல் இருக்கிறது. அவள் எழுதினது இப்படித்தான், ஒரு புத்தகத்திலும் இருக்காது.

எதிர்ப்பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரும்பி வரும்போது கால் வலித்தது. சவரக்கடை முக்காலியில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் ஒருவருக்குத் தாடியை வழித்துக்கொண்டே கதை சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் இந்தத் தெருவில் விளக்கே கிடையாதாம். இருட்டில் ஒருவருடைய மீசையில் பாதி போய்விட்டதாம். மறுநாளே கடை வாசலில் ஒரு பல்பு மாட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாட்டினார். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நாலு மாட்டினார். "அப்படித்தான்மா ஆரம்பிச்சுது. பொறாமையில" என்றார். பெரிசு அதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். வரலாறும் ஆயிற்று, மொழியும் ஆயிற்று.

தெருவுக்குள் நுழைந்தபோது சூரியன் மறைந்த பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதை வைத்துத் திசை பார்த்துத் தெருவின் படத்தைப் போட்டாள். தெரு ஆற்றுப் பக்கமாகச் சரிந்திருந்ததைத் தன் கால் வலியிலேயே கண்டுபிடித்தாள். போகும்போது வலிக்கவில்லை, வரும்போது வலித்தது. எட்டரைக்கு வீடு திரும்பினார்கள். கட்டை விரல் வீங்கியிருந்தது.

இரண்டு நாள் எழுதினாள். படம் வரைந்து வண்ணம் தீட்டினாள். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பை வைத்தால் இரண்டும் சண்டை போடும் என்று அம்மா சொன்னதைத் தானே தீட்டிப் பார்த்த பிறகுதான் எழுதினாள். கணக்கைக் கடைசிக்கு வைத்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் அட்டையைப் பிரித்தாள். நாற்பத்தொன்று, இருபத்தேழு, முப்பத்து மூன்று என்று பன்னிரண்டு எண். கூட்டினாள். முந்நூற்று எண்பத்தொன்பது.

பெரிசு தன் கட்டை விரலைப் பார்த்தாள். முந்நூற்று எண்பத்தொன்பது தட்டுக்கா இது வீங்கும்?

முதல் வீட்டை எடுத்தாள். இருபத்து மூன்று அடிச் சுவர், ஆறு வரிசை, ஆக நூற்று முப்பத்தெட்டு அடி. நாலு அங்குலத்துக்கு ஒரு விளக்கு என்றால் அடிக்கு மூன்று. நானூற்றுப் பதினாலு விளக்கு வரவேண்டும். அட்டையிலோ நாற்பத்தொன்று.

"அம்மா, டேப்பை ஒழுங்கா பிடிச்சியா?"

"என்ன கேள்வி இது? என் டேப் தப்புன்னா ஊருல பாதிப் பேரு சட்டைக்குள்ள நுழைய முடியாது. உங்க அப்பாவைக் கேளு."

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்" என்றார் அப்பா, பேப்பரை மடித்தபடி. "என் ரீடிங் தப்புன்னு இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

"அப்போ என் கண்ணு தப்பா? நான் எண்ணினது தப்பா?" பெரிசுக்குக் குரல் உடைந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. தெருவில் விளக்குகள் எப்போதோ பெட்டிக்குள் போய்விட்டன. மறுபடி எண்ண வழியில்லை.

மெஷினைத் திரும்ப வாங்கிப் போக மாமா அப்போது வந்து சேர்ந்தார். பெரிசு அதை மேஜையிலிருந்து எடுத்தாள். பூஜ்யத்தில் வைத்தாள். எல்லோரும் பார்க்க ஏழு தட்டுத் தட்டினாள். அப்பாவிடம் நீட்டினாள்.

"எவ்வளவுப்பா?"

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுமில்ல. பூஜ்யம்."

"நல்லாப் பாருங்க."

"பூஜ்யம்தான்மா."

"கடைசியில ஏழு இருக்கே!"

"அது சிவப்புல இருக்கு. சிவப்பை எடுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

மின்சார மீட்டரில் அப்படித்தான். கடைசிக் கட்டம் சிவப்பில் இருக்கும். அது முழு யூனிட் ஆகாத துண்டு. ரீடிங் எடுப்பவர் அதைத் தொடவே மாட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்பைக் கண்டால் கண் தானாகத் தாண்டிவிடும். பன்னிரண்டு வீட்டிலும் தாண்டியிருந்தது.

முதலில் வெடித்தது மாமாதான். "மச்சான்! நல்லவேளை நீங்க படகுத்துறைக்கு வரலை. நாப்பத்தொன்பது பேரை ஏத்திட்டு, படகுல நாலு பேருதான்னு எழுதியிருப்பீங்க. நாங்க ஆத்துக்குள்ளேருந்து கை காட்டியிருப்போம்!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிறுசு நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள். பெரிசும் சிரித்தாள், கண்ணீரோடு. அப்பா மட்டும் எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாயில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"இப்ப என்ன, எல்லாத்துக்கும் கடைசியில ஒரு பூஜ்யம் சேத்துடு" என்றார் மாமா.

"அது பூஜ்யம்னு யாருக்குத் தெரியும் மாமா? நாப்பத்தொண்ணுன்னா நானூத்திப் பத்தாவும் இருக்கலாம், நானூத்திப் பத்தொன்பதாவும் இருக்கலாம்."

"அப்போ ஆளுக்கொரு எண்ணைப் போடு. மூணு, ஏழு, அஞ்சு. வந்து எண்ணிப் பாக்க அங்க விளக்கா இருக்கு? டீச்சருக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவளுக்கும் மகள் எட்டாம் வகுப்புக்குப் போகவேண்டும். சிறுசு மெதுவாக, "போட்டுடேன். பன்னிரண்டு எண்தானே" என்றாள். அதில் கேலி இல்லை, கெஞ்சல் இருந்தது.

பெரிசு பென்சிலை எடுத்து முதல் வீட்டுக்கு நேரே நானூற்றுப் பதினாலு என்று எழுதினாள். அளந்து வந்த எண், அதைப் போடலாம். இரண்டாவது வீட்டுக்கு வந்தாள். இரண்டு, ஏழு என்று எழுதிவிட்டு, கடைசி இடத்தில் பென்சில் முனையை வைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டுச் சன்னலைச் சுற்றி விளக்குகள் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. எத்தனை என்று நினைவில்லை. எழுதினதை ரப்பரால் அழித்தாள். முதல் வீட்டு எண்ணையும் அழித்தாள்.

பின்கட்டுக்குப் போனாள். அப்பா துண்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதிடட்டுமா? நீங்க சிவப்பை விட்டதையும் சேத்து?"

அப்பா துண்டை உதறினார், மறுபடி மடித்தார். "அதனால உன்னை ஏழுலயே உக்கார வச்சுட்டாங்கன்னா?"

"உக்காந்துக்கறேன்."

அவர் துண்டைக் கொடியில் போட்டார். பிறகு, "எழுது. ஆபீஸ் பேரை மட்டும் போடாதே" என்றார்.

திங்கட்கிழமை காலையில் தலைமை டீச்சர் நோட்டை முதலிலிருந்து படித்தார். பாதி மீசை வந்த இடத்தில் மூக்கை விரலால் தேய்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. கணக்குப் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"மொத்தம் எத்தனை விளக்கு?"

"தெரியாது டீச்சர்."

"எண்ணினேன்னு எழுதியிருக்கியே?"

"எண்ணினேன். ஆனா மூவாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறுக்குக் குறையாது, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுக்கு மேல போகாது. அதுக்கு நடுவுல எதுன்னு எனக்குத் தெரியாது."

"நடுவுல நூத்தியெட்டு வருது. அது எங்கேருந்து வந்துது?"

"ஒரு வீட்டுக்கு அதிகபட்சமா விட்டுப்போனா ஒன்பது. பன்னிரண்டு வீடு."

"முதல் வீட்டுக்கு நானூத்திப் பதினாலுன்னு எழுதி அழிச்ச தடம் இருக்கே. ஏன் அழிச்சே?"

"அது அளந்து போட்ட கணக்கு. எண்ணினது இல்ல. அதைத் தனியா அடுத்த பக்கத்துல எழுதியிருக்கேன்."

டீச்சர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். திரும்பவும் முந்தின பக்கத்துக்கு வந்தார். அப்பா செய்த தப்பை அவள் எழுதியிருந்த இடத்தை இரண்டாம் முறை படித்தார். பெரிசு தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அப்பா வந்திருக்காரா?"

வந்திருந்தார். அம்மாவும் மாமாவும் சிறுசும் கூட வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே வந்து, பரீட்சையில் பிடிபட்ட பையனைப் போல வாசற்படி ஓரமாக நின்றார்.

"இந்தப் பள்ளிக்கூடத்து மீட்டரையும் நீங்கதானே பாக்குறீங்க?"

"ஆமாங்க டீச்சர்."

"அதுல சிவப்பை விட்டுடுங்க, சரி. பிள்ளைங்க நோட்டுல விடாதீங்க." டீச்சர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "எட்டாம் வகுப்பு, பி பிரிவு. சின்னவ ஏ பிரிவு. ரெண்டு பேரையும் ஒரே அறையில வச்சா மத்தவங்களுக்குப் பாடம் காதுல விழாது."

பெரிசு வெளியே வந்து சொன்னாள். மாமா விசில் அடித்தார், பியூன் முறைத்தார். விடுமுறையில் தன்னை மேல் வகுப்புக்காரி என்று சொல்லிக் கேலி பேசின சிறுசு, வராந்தாப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"என்னடி இது? அதான் பாஸ் ஆயிட்டாளே!" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் அழறேன்" என்றாள் சிறுசு. பெரிசும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். "போதும், எழுந்திருங்க" என்றாள். "எட்டாம் வகுப்புப் புத்தகம் ஒரு செட்டுதான் வாங்கியிருக்கேன். தீர்ந்து போறதுக்குள்ள இன்னொண்ணு வாங்கக் கடைக்குப் போகணும்."